பொருள் ஒன்று, எண் ஒன்று: ஆவணக் காப்பு குறித்த வாசகர் கேள்வி பதில்

அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் பிரிவுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் ஸ்கேன்களையும் நிழற்படங்களையும் ஒலிக்கோப்புகளையும் ஒரே அமைப்பின்கீழ்க் கொண்டுவருவது எப்படி என்று கேட்டு இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் ஐந்துக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் ஓர் அறக்கட்டளை அருங்காட்சியகம் நடத்துகிறோம். நூலகம், ஓலைச்சுவடி, நிழற்படம், ஒலிநாடா என நான்கு பிரிவுகள் உள்ளன. ஒவ்வொரு பிரிவும் தன் டிஜிட்டல் கோப்புகளைத் தனியாக வைத்திருக்கிறது. இவற்றை ஒன்றாக்க மென்பொருள் ஒன்று வாங்குவதென நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. எதை வாங்கலாம்?
– அருங்காட்சியகப் பொறுப்பாளர், சிவகங்கை மாவட்டம்

பதில்: மென்பொருளின் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல அனுமதியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் ராமர் பட்டாபிஷேகத்தைச் சித்திரிக்கும் தஞ்சாவூர் ஓவியம் ஒன்று இருந்தது. வந்துசேரும் பொருள்களைப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் உண்டு. நிழற்படப் பிரிவின் கணினியில் அதன் படம், கேமரா தானாக வைத்த நான்கு இலக்கப் பெயருடன் கிடந்தது. பழுதுநீக்கும் பிரிவினரோ, 'ஓவியம் 12 புதியது' என்று பெயரிட்ட ஒரு கோப்புறையில், சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை வைத்திருந்தார்கள். ஒரு பதிப்பாளர் அட்டைப்படத்துக்காக அந்த ஓவியத்தைக் கேட்டபோது, மூன்று பெயர்களும் ஒரே ஓவியத்தைக் குறிப்பவை என்று அறிந்திருந்த ஒரே ஊழியர் ஓய்வு பெற்றுச் சென்றுவிட்டிருந்தார். சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த, புகை படிந்து ராமரின் முகமே தெரியாத படம்தான் அச்சேறியது. ஆறு மாதம் உட்கார்ந்து அந்தப் பொன்னிழைகளை வெளிக்கொணர்ந்தவர் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த நிறுவனத்தில் அப்போதே விலையுயர்ந்த மென்பொருள் இருந்தது. இல்லாமல் போனது ஒன்றுதான்: எல்லாப் பிரிவுகளும் ஒப்புக்கொண்ட ஒரே எண். ஆகவே உங்கள் முதல் வேலை, ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான ஓர் எண் என்பதை நிர்வாகக் குழுவின் தீர்மானமாகவே எழுதிவைப்பது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த பேரோவியம் ஒன்று உள்ளது. அதை உலகம் 'இராக்காவல்' என்ற பொருளில் அழைக்கிறது. ஆனால் அது இரவுக் காட்சியே அன்று. அப்பெயர் ஓவியர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின் ஒட்டிக்கொண்டது. பெயர் எப்படி மாறினாலும் அருங்காட்சியகத்தின் பதிவில் அந்த ஓவியம் எஸ்கே-சி-5 என்ற எண்ணால் அறியப்படுகிறது. 2022-இல் 8,439 படங்களை இணைத்து 71,700 கோடி பிக்சல்களும் 5.6 டெராபைட் அளவும் கொண்ட ஒரே படத்தை அவர்கள் வெளியிட்டபோது, அதுவும் புதிய பொருளாகிவிடவில்லை. அந்தப் பழைய எண்ணுக்குரிய இன்னொரு கோப்பு, அவ்வளவே. உங்கள் பொருளுக்கும் நாளை சிறந்த கேமரா வரும். அப்போதும் எண் அதுவேதான்.

அந்த எண்ணுக்குள் அலமாரி, அறை, நன்கொடையாளர் பெயர் ஆகியவற்றைப் புகுத்த வேண்டாம். அலமாரி இடம் மாறும், அறை பிரிக்கப்படும், எண் பொய்யாகிவிடும். வெறும் வரிசை எண்ணே போதும். கோப்புகளுக்குப் பெயரிடும்போது அந்த எண்ணையும் பக்க வரிசையையும் மட்டும் சேர்த்து, 000347_0012 என்பதுபோல வையுங்கள். 'கடைசி', 'கடைசி சரியானது' என்ற சொற்கள் கோப்பின் பெயரில் இடம்பெறும் நாளில் ஒழுங்கு குலையத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

சுவடிப் பிரிவில் மட்டும் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கும். ஒரே சுவடிக் கட்டுக்குள் ஒரு தலபுராணமும் ஒரு வைத்திய நூலும் கடைசி ஏடுகளில் யாரோ எழுதிவைத்த கடன் கணக்கும் சேர்ந்திருப்பது நம் ஊர்ச் சுவடிகளில் வழக்கமானது. அதே வைத்திய நூல் இன்னொரு கட்டிலும் இருக்கக்கூடும். கட்டு என்பது பொருள். அதனுள் இருப்பது நூல். ஏட்டின் படம் கோப்பு. இம்மூன்றையும் மூன்று அடுக்குகளாகப் பிரித்து, ஒன்றையொன்று சுட்டும்படி பதிய முடியாத எந்த மென்பொருளும் உங்களுக்கு உதவாது. விற்பனையாளர் செயல்விளக்கம் காட்ட வரும்போது, அவர் கொண்டுவரும் அழகிய மாதிரிப் படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, இப்படிப்பட்ட ஒரு கட்டைக் கொடுத்து அதைப் பதிந்து காட்டச் சொல்லுங்கள்.

விவரக்குறிப்புகளைப் பொறுத்தவரை, நான்கு பிரிவுகளுக்கும் பொதுவாக 1995-இல் தோன்றிய டப்ளின் கோர் முறையின் 15 கூறுகளை எடுத்துக்கொள்ளலாம். தலைப்பு, படைத்தவர், நாள், மொழி, உரிமை போன்றவை அவை. அவற்றுக்குமேல் சுவடிப் பிரிவு ஏட்டின் நீள அகலத்தையும் வரிகளின் எண்ணிக்கையையும், ஒலிப் பிரிவு நாடாவின் வேகத்தையும் தத்தம் தனிப் புலங்களாக, அதாவது பதிவில் நிரப்பும் தனிக் கட்டங்களாக, வைத்துக்கொள்ளட்டும். எல்லாரையும் ஒரே படிவத்துக்குள் நெருக்கினால் யாரும் அதை நிரப்ப மாட்டார்கள்.

இனி மென்பொருள். ரிசோர்ஸ்ஸ்பேஸ், கலெக்டிவ்அக்சஸ், டிஸ்பேஸ், ஒமேகா ஆகிய நான்கும் கட்டற்ற மென்பொருள்கள். உரிமத்துக்கு விலை இல்லை, நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். படங்களும் ஒலியும் மிகுந்த உங்கள் நிலைக்கு முதலிரண்டையும் பரிசீலிப்பேன். அருங்காட்சியகப் பொருள்களின் உறவுகளைப் பதிவதில் கலெக்டிவ்அக்சஸ் கைகொடுக்கும். நம் நாட்டின் தேசிய அருங்காட்சியகங்களுக்காகப் புனேயிலுள்ள சி-டாக் என்ற நடுவண் அரசின் கணினி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'ஜதன்' என்ற மென்பொருளையும் பார்த்துவிடுவது நல்லது. எதை எடுத்தாலும், முழுப் பதிவையும் எல்லாக் கோப்புகளையும் பொது வடிவில் வெளியே எடுத்துக்கொள்ளும் வசதி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். உள்ளே போகும் வழியை எல்லாரும் காட்டுவார்கள். வெளியே வரும் வழியை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தின் பழைய பட்டியல்களைப் புதிய அமைப்புக்கு மாற்றினோம். நூல் இருப்பது எனக்கே தெரியும்; ஆனால் தேடினால் 'இல்லை' என்று வருகிறது. மென்பொருள் பழுதா?
– கல்லூரி நூலகர், மதுரை

பதில்: பெரும்பாலும் பழுது மென்பொருளில் இராது, அம்மா. தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கும்.

உங்கள் பழைய பட்டியல் பாமினி, டாம், டாப், டிஸ்கி என்று ஏதேனும் ஒரு பழைய குறியாக்கத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி எண் தரும் முறையில், தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறியை (யூனிகோட்) தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 2010-இல்தான். மாற்றியபோது சில எழுத்துகள் தவறாக மாறியிருக்கும். அதைவிட நுட்பமான சிக்கல், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருப்பவை. 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறியில் ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் செய்யாத அமைப்பில், ஒருவர் ஒரு விதமாக உள்ளிட்ட 'கொன்றை வேந்தன்' மற்றொருவர் தேடும்போது கிடைக்காது. 'ஸ்ரீ' என்பதும் இப்படியே. முதலெழுத்து ஸகரமாகவும் இருக்கலாம், 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரமாகவும் இருக்கலாம்.

இவற்றைவிடப் பரவலான பிழை ஒன்று உண்டு. பட்டியலில் 'ஔவையார்' என்று தேடிப் பாருங்கள். பிறகு ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று தேடுங்கள். இரண்டாவது தேடலில்தான் பாதி நூல்கள் வந்து நிற்கும் என்று நினைக்கிறேன். தட்டச்சு செய்தவரைக் குறை சொல்ல முடியாது. பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. பதிவேற்றும்போதே இத்தகையவற்றைத் திருத்தும் ஒரு சிறு நிரலும், தேடுபவர் எப்படித் தட்டினாலும் இணையாகக் கொள்ளும் ஓர் ஏற்பாடும் அவசியம். வெளிநாட்டு மென்பொருளாயின் இதைத் தனியாகக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

அடுத்தது பெயர்கள். உ.வே.சா., உ.வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று நான்கு விதமாக உள்ளிடப்பட்டிருந்தால் கணினிக்கு அவர் நான்கு பேர். பொருளுக்கு ஓர் எண் போல மனிதருக்கும் ஊருக்கும் ஓர் எண் கொடுத்து, எல்லாப் பெயர் வடிவங்களையும் அந்த எண்ணின்கீழ் வைக்க வேண்டும். 'இதுவே சரி' என்று ஒன்றை வைத்து மற்றவற்றை அழித்துவிடாதீர்கள்; பழைய அட்டையில் 'திருச்சினாப்பள்ளி' என்று இருப்பதும் ஒரு வரலாற்றுத் தகவலே.

நாளைப் பதிவதிலும் கவனம் தேவை. சுவடியிலோ பழைய கடிதத்திலோ 'விகாரி வருடம்' என்று மட்டும் இருந்தால் அது 1899-ஆகவும் இருக்கலாம், 1959-ஆகவும் இருக்கலாம். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருகிறது. ஆவணத்தில் உள்ளபடியே ஒரு புலத்திலும், நீங்கள் உறுதிசெய்த அல்லது ஊகித்த ஆங்கில ஆண்டை இன்னொரு புலத்திலும், ஊகமானால் ஊகமென்ற குறிப்போடும் பதியுங்கள்.

கேள்வி: நிதி ஓராண்டுக்கு மட்டுமே கிடைத்திருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு, விவரங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமா?
– ஆய்வு மாணவர், புதுச்சேரி

பதில்: வேண்டாம். 'பிறகு' என்பது இத்துறையில் வருவதே இல்லை. உங்கள் ஊரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் பல பத்தாண்டுகளாகத் தமிழகக் கோயில்களுக்குச் சென்று திருமேனிகளைப் படமெடுத்துத் தொகுத்தார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் திருடப்பட்டு, கடத்தப்பட்டு, 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கப்பட்டபோது, அது எங்கிருந்து வந்தது என்பதற்குப் போலி ஆவணங்கள் இருந்தன. அதே நடராசர் 1994-இல் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்ததைக் காட்டிய இந்நிறுவனத்தின் படங்கள் அந்தப் போலியை உடைக்க உதவின. 2014-இல் அவர் நாடு திரும்பினார்.

எந்த ஊர், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்ற குறிப்பு இல்லாமல் அந்தப் படம் மட்டும் எஞ்சியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சோழர் கால நடராசர் ஒருவரின் அழகான படம் என்பதற்குமேல் அதற்கு எந்த வலிமையும் இருந்திராது. அந்த நெகட்டிவ் உறையின்மேல் சில சொற்களை எழுதிவைத்தவர் படமெடுத்தவருக்கு இணையான பணியைச் செய்தார்.

ஆகவே பாதிப் பொருள்களை மட்டும் ஸ்கேன் செய்து அவற்றுக்கு எண், தலைப்பு, இடம், நாள், யாரிடமிருந்து பெறப்பட்டது என்ற ஐந்தையாவது முழுமையாகப் பதியுங்கள். எஞ்சிய பாதிக்கு எண்ணும் ஒரு வரிக் குறிப்பும் போதும். ஸ்கேன் செய்யாத பொருளைப் பதிவேட்டைப் பார்த்துத் தேடி எடுத்துவிடலாம். பதியாத ஸ்கேனை யாராலும் தேடி எடுக்க முடியாது.

கேள்வி: 1981-இல் எங்கள் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். டிஜிட்டல் ஆக்கிவிட்டால் இனி எதுவும் அழியாது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: ஐயா, அந்த நெருப்பில் 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் போயின. பிரதி இல்லாத ஒன்று அழிந்தால் அது மீளாது என்பதைத் தங்களைவிட அறிந்தவர் யார்? 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' திட்டத்தில் உழைத்துவரும் பிள்ளைகளின் நம்பிக்கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கு அவர்கள்மேல் பெருமதிப்பு உண்டு. ஆனால் டிஜிட்டல் ஆக்குவது ஒன்று, டிஜிட்டலைக் காப்பது வேறொன்று.

2023 அக்டோபரில் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளுக்குள் இணையக் கொள்ளையர் புகுந்தார்கள். ஏறத்தாழ 600 ஜிகாபைட் தகவலை எடுத்துச் சென்றதோடு, சர்வர்கள் பலவற்றை முடக்கியும் அழித்தும் விட்டார்கள். நூலகம் பணயத்தொகை கொடுக்கவில்லை. நூலகமே 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு செய்தி என்னை உலுக்கியது: டிஜிட்டல் தொகுப்புகளின் பிரதிகள் பத்திரமாக இருந்தன, ஆனால் அவற்றை மீண்டும் ஏற்றி இயக்கும் கட்டமைப்பு இல்லாமல் போயிருந்தது. பல பழைய மென்பொருள்களை மீட்டெடுக்கவே இயலவில்லை. உருவாக்கிய நிறுவனங்கள் ஆதரவை நிறுத்திவிட்டிருந்தன, அல்லது புதிய பாதுகாப்பான சூழலில் அவை இயங்கவில்லை. பிரதி இருந்தும் பயன்படாத நிலை அது.

எனவே மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறோர் ஊரில் என்ற பழைய விதியோடு, அவற்றில் ஒன்று எந்த வலைப்பின்னலோடும் இணைக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் அதைச் சேமிக்கும் நாளிலேயே செக்சம் எனப்படும் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டுப் பதிவில் வைக்க வேண்டும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால், எந்தப் பிரதி கெட்டது என்பது தெரியும். நல்ல பிரதியிலிருந்து அதைச் சரிசெய்துவிடலாம். ஆண்டுக்கு ஒருநாள், எல்லாம் போய்விட்டதாகவே எண்ணி, ஒரு வெற்றுக் கணினியில் பேக்கப்பிலிருந்து முழு அமைப்பையும் எழுப்பிப் பாருங்கள். இதைச் செய்து பார்த்தறியாத பேக்கப்பை நான் நம்புவதில்லை.

செலவைக் கணக்கிட ஓர் அளவு சொல்கிறேன். ஏ4 பக்கம் ஒன்றை 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்) வண்ணத்தில், அளவைச் சுருக்காத டிஃப் என்ற படக்கோப்பாக எடுத்தால் சுமார் 46 மெகாபைட் வரும். 300 பக்க நூலுக்கு 14 ஜிகாபைட். ஆயிரம் நூலுக்கு 14 டெராபைட். மூன்று பிரதிகளுக்கு 42. ஒலியை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஸ்டீரியோவாக எடுத்தால் மணிக்கு 2 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். ஹார்டு டிஸ்க்கை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் செலவு இதில் அடங்காது. அதை ஆண்டு வரவுசெலவில் நிரந்தர இனமாகவே வைக்க வேண்டும். கட்டடத்துக்கு வெள்ளை அடிப்பதைப் போல அதுவும் ஓயாத வேலை.

கேள்வி: நான் ஒருவன் மட்டும் பார்த்துக்கொள்ளும் சிறு வாசகசாலை எங்களுடையது. பழைய இதழ்களும் ஊர்க்காரர்கள் தந்த குடும்பப் படங்களும் பெரியவர்கள் பாடிய பாட்டுகளும் உள்ளன. சர்வர் வாங்கப் பணம் இல்லை. எங்கே தொடங்குவது? எல்லாவற்றையும் இணையத்தில் போடலாமா?
– வாசகசாலைப் பொறுப்பாளர், தென்காசி மாவட்டம்

பதில்: இணையத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். நம் சட்டப்படி பதிப்புரிமை, படைத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. ஆகவே படமெடுத்தவர் யார், பாடியவர் யார் என்று தெரியாமல் எதையும் வெளியிட வேண்டாம். சட்டம் அனுமதித்தாலும், தாலாட்டும் ஒப்பாரியும் பாடித் தந்த பாட்டி அதை ஊருக்குள் கேட்பதற்கென்று தந்தாரா, உலகத்துக்கென்று தந்தாரா என்பதை அவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ கேட்டு, அந்த விடையையும் பதிவில் ஒரு புலமாக வையுங்கள். 'அனைவருக்கும்', 'வாசகசாலையில் மட்டும்', 'இப்போதைக்கு இல்லை' என்று மூன்று நிலைகள் போதும்.

தொடங்க ஒரு மடிக்கணினியும் ஓர் எக்செல் தாளும் போதும். ஒரு பொருளுக்கு ஒரு வரி. எண், என்ன பொருள், தலைப்பு, யார், எந்த ஊர், எந்த நாள், யார் தந்தது, எங்கே வைத்திருக்கிறது, கோப்பின் பெயர், யார் பார்க்கலாம் என்று பத்துத் தலைப்புகள். ஒரு கட்டத்துக்குள் இரண்டு செய்திகளை எழுதாதீர்கள். கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள். நிறத்தால் எதையும் உணர்த்தாதீர்கள், நிறம் வேறு மென்பொருளுக்குப் போகாது. இவ்வளவு ஒழுங்காக இருந்தால், பின்னாளில் பெரிய அமைப்பு எதற்கும் இந்தத் தாளை ஒரே நாளில் ஏற்றிவிடலாம். இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகள் வாங்கி, ஒன்றை வாசகசாலையிலும் மற்றொன்றை வேறு தெருவில் நம்பகமான ஒருவர் வீட்டிலும் வைத்து, மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாட்டுகள் கேசட்டில் இருந்தால் இதழ்களுக்கு முன்னால் அவற்றை எடுங்கள். காகிதம் இன்னும் சில பத்தாண்டுகள் பொறுக்கும். நாடா பொறுக்காது, அதை ஓட்டும் கருவியும், கருவியைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் அருகி வருகிறார்கள். பாடியவர்களில் யாரேனும் இன்னும் இருந்தால், பதிவு ஓடும்போது பக்கத்தில் அமர்ந்து, அது யார் குரல், எந்த வீட்டில், எந்த நிகழ்ச்சிக்குப் பாடியது என்று கேட்டு முதல் வரியில் எழுதுங்கள்.